பதினைந்தாயிரம் கோழியும் ஒரு மெசேஜ் க்யூவும்

மென்பொருள் தொழிலில் எங்கேயாவது "ஐந்தே நிமிடத்தில் தொடங்கலாம்" என்று எழுதியிருந்தால், சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்; கல்யாண வீட்டில் "இதோ பந்தி போட்டாச்சு" என்பார்களே, அந்த வகை ஐந்து நிமிடம் அது.

என்னைப் போலவே அந்த வரியை நம்பிக் கறுப்புத் திரைக்கு முன்னால் நகம் கடித்த சக துன்பவாசிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிப்ளமோ முடித்த கையோடு நாமக்கல்லில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தவள் நான். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அடையாள அட்டை, இலவசக் காப்பி என்று கற்பனை பண்ண வேண்டாம். கீழே பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் கடை, மாடியில் நாங்கள். மொத்தம் மூன்று பேர். விசிட்டிங் கார்டில் மேனேஜிங் டைரக்டராகவும் நேரில் ஒட்டடை அடிப்பவராகவும் இருக்கும் கந்தசாமி அண்ணன். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, அந்தக் கடுப்பை எங்கள் மேல் இறக்கி வைக்கும் சீனியர் ஜெகன் அண்ணா. அப்புறம் நான், தர்ஷினி. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் மொழிகள் ஒன்றரை. மிமிக்ரியில் போடத் தெரிந்த குரல்கள் நாற்பதுக்குக் குறையாது.

வரிசையில் நிற்க எதற்குக் கம்ப்யூட்டர்

எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் ஒரு கோழித் தீவன மில். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் விடிந்ததும் விடியாததுமாகச் செல்போன் ஆப்பில் ஆர்டர் போடுவார்கள். மில்லின் பழைய புரோகிராம் ஆர்டரைப் பதிந்து, ஸ்டாக்கைப் பார்த்து, லாரி ஒதுக்கி, டிரைவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, எல்லாவற்றையும் தானே செய்யும். ஒரே நேரத்தில் நாற்பது பேர் ஆர்டர் போட்டால், பரோட்டாவும் போட்டு, பரிமாறி, பில்லும் எழுதும் ஒற்றை ஆள் ஓட்டல்காரர் மாதிரி திணறிப்போய் நின்றுவிடும்.

கந்தசாமி அண்ணன் இதற்கு மருந்து கண்டுபிடித்தார். மெசேஜ் க்யூ. வருகிற ஆர்டரை ஒரு வரிசையில் போட்டுவிட வேண்டியது. பின்னால் ஒர்க்கர் என்று ஒரு குட்டி புரோகிராம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, வேலையைச் செய்து, "முடிந்தது" என்று சொல்லும். சொன்னதும் அந்த மெசேஜ் வரிசையிலிருந்து அழிந்துவிடும். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே தனி சர்வர் வைத்திருக்குமாம். நமக்கு ஒரு சின்ன லைப்ரரி, அதாவது யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம் போதும், நம் புரோகிராமுக்குள்ளேயே ஒண்டிக்கொள்ளும் என்று அண்ணன் கைகளை வீசி வீசி விளக்கினார். மில் மேனேஜர் செங்கோடன் பல் குத்தியபடி முழுசாகக் கேட்டார். ஒரு மாதம் பார்ப்போம், ஒரே ஒரு பண்ணைக்குத் தீவனம் தவறினாலும் புரோகிராமையே தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி நோட்டுக்கும் போனுக்கும் திரும்பிவிடுவோம் என்றார்.

அண்ணன் உடனே என் பக்கம் திரும்பினார். இந்த வேலை உன் பொறுப்பு, இது நின்றால் நீ நிரந்தரம் என்றார். நிற்காவிட்டால் பைபாஸில் லாரிக்கு பாடி கட்டும் என் மாமாவின் பட்டறையில் போன் எடுக்க உட்கார வேண்டும். மாமா எனக்காக நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். இவ்வளவும் முடிந்து மேனேஜர் படியிறங்கப் போனவர், நின்று திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "எல்லாஞ் சரிங்க, வரிசையில நிக்கறதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு? எங்க கேட்டு முன்னால லாரிக தானாத்தான நிக்குதுங்க?"

முன்னூறு வணக்கம்

லைப்ரரியின் தொடக்கப் பக்கத்தில் மொத்தமே பன்னிரண்டு வரிதான். அனுப்புவதற்கு ஆறு, வாங்குவதற்கு ஆறு. முதல் ஆறு வரியைத் தட்டி "வணக்கம்" என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பில் ஒரு பிழை வந்தாலாவது திட்டுவதற்கு ஆள் கிடைத்த திருப்தி இருக்கும், அதுவும் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். லைப்ரரியை அழித்துத் திரும்ப ஏற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நாற்காலியைக் கிழக்குப் பார்த்துப் போட்டும் பார்த்தேன். கடைசியில் மொத்தமாக முன்னூறு வணக்கம் அனுப்பினேன். தேர்தலில் நிற்பவர் கூட முன்னூறு பேருக்குக் கும்பிடு போட்டால் நாலு பேராவது திருப்பிப் போடுவார்கள். எனக்கு அதுவும் இல்லை.

சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்த ஜெகன் அண்ணா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மெசேஜை எடுத்துப் பார்க்க வேண்டிய ஒர்க்கர் புரோகிராமை, அதாவது அடுத்த ஆறு வரியை, நான் ஓட விடவே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நொடி ஆனது. ஈரக்கையாலேயே ஒரு பட்டனைத் தட்டினார். முன்னூறு வணக்கமும் கடகடவென்று திரையில் கொட்டின. அவர் டப்பாவைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "லெட்டர எழுதி எழுதி டப்பாவுல போட்டுட்டே இருக்கியே, போஸ்ட்மேன யாரு எழுப்புறது, உங்க மாமாவா?"

பதினாலாம் நம்பர் கோழி

சோதனை மெசேஜ் எழுதுவது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மற்றவர்கள் "டெஸ்ட் 1, டெஸ்ட் 2" என்று எழுதுவார்கள். அதற்கு எதற்கு மனுஷப் பிறவி? நான் கோழிகளின் குரலில் எழுதினேன். "பதினாலாம் நம்பர் கோழி பேசுகிறேன். நேற்று வந்த தீவனத்தில் கருவாட்டுத் தூள் குறைச்சல். எங்கள் சங்கம் இதைக் கண்டிக்கிறது."

சோதனைக்கு ஒரு க்யூ, நிஜத்துக்கு ஒரு க்யூ, இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள் என்று தொடக்கப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. தடித்த எழுத்தை யார் படிக்கிறார்கள்? சிகரெட் பெட்டியில் கூடத்தான் போட்டிருக்கிறது. நான் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தேன். டிரைவர் நம்பர்கள் இன்னும் ஏறாத நேரம், எஸ்.எம்.எஸ். போக மேனேஜர் நம்பர் ஒன்றுதான் இருந்தது. கோழியின் கண்டனம் நேராக மில் மேனேஜரின் செல்லுக்கு எஸ்.எம்.எஸ். ஆகப் போய்ச் சேர்ந்தது. நான் மேசைக்கடியில் ஒளியும் ஆயத்தத்தில் இருந்தபோது மேனேஜரிடமிருந்து போன் வந்தது. கோபமே இல்லை, எல்லாப் புகாரையும் பதிவேட்டில் ஏற்றி விசாரிக்கும் மனிதர் அவர். சொன்னார்: "மூணு தடவ செக் பண்ணிட்டனுங்க, கருவாடு சரியாத்தான் இருக்குது. அந்தக் கோழி எந்தப் பண்ணைன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பரீட்சைக்குப் படித்தவள்

இந்த லைப்ரரியில் மெசேஜ்களை மெமரியில் வைக்கலாம், இல்லையென்றால் டிஸ்கில் ஃபைலாக வைக்கலாம். மெமரி மின்னல் வேகம். டிஸ்க் கொஞ்சம் மெதுவு. பதினெட்டு வயதில் யாராவது மெதுவைத் தேர்ந்தெடுப்பார்களா? எங்கள் சர்வர் என்பது மேசைக்கடியில், என் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். கீழே டயர் கடையில் ரப்பரை வேகவைக்கும் பெரிய சூட்டு மெஷினைப் போட்டதும் மாடியில் கரண்ட் ஒரு நொடி போய் வரும். இன்வெர்ட்டர் இருக்கிறது, மேலே சாமி படம் வைக்க வசதியாக. கரண்ட் வந்தபோது க்யூவில் இருந்த அறுபது ஆர்டர்களும் மாயம். நல்லவேளை, அதுவரை எல்லாமே சோதனை ஆர்டர்கள். கந்தசாமி அண்ணன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. டிஸ்குக்கு மாற்றச் சொல்லிவிட்டு, உண்மையிலேயே வருத்தமாகக் கேட்டார்: "மெமரியில வெச்சா அழிஞ்சு போயிரும்னு தெரியாதா அம்மிணி? நீயும் பரிட்சைக்குப் படிச்சவதான?"

மோகனூருக்கு மூன்று லாரி

நிஜ ஆர்டர்கள் ஓடத் தொடங்கின. முதல் வாரம் ஒரு தப்பும் இல்லை. இரண்டாம் வாரம் சும்மா இருக்க முடியாமல் மாடிப்படியில் நின்றுகொண்டு, ஆபீஸின் இன்னொரு செல்லிலிருந்து செங்கோடன் மேனேஜரின் குரலில் ஜெகன் அண்ணாவைக் கூப்பிட ஆரம்பித்தேன். மில்லில் இருந்து கண்ட கண்ட நம்பரில் கூப்பிடுவார்கள் என்பதால் அவருக்கு வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்குள் எலி புகுந்துவிட்டது, க்யூவில் ஒரு ஆர்டர் மட்டும் முந்திக்கொண்டு போகிறது என்று தினம் ஒரு புகார். நான்காம் நாள் பிடித்துவிட்டார்.

ஐந்தாம் நாள்தான் அது நடந்தது. வேகத்துக்காக மூன்று ஒர்க்கர்களை ஓட விட்டிருந்தோம். ஒரு ஒர்க்கர் மெசேஜை எடுத்தால் முப்பது நொடிக்குள் "முடிந்தது" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ஆள் செத்துவிட்டான் என்று க்யூ முடிவு கட்டி, அதே மெசேஜை அடுத்த ஒர்க்கரிடம் கொடுத்துவிடும். அன்றைக்கு எஸ்.எம்.எஸ். போகிற லைன் மந்தம். முதல் ஒர்க்கர் சாகவில்லை, எழுபது நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குள் இரண்டாமவனுக்குப் போய், அவனும் மெதுவாகி, மூன்றாமவனுக்கும் போய்விட்டது. மூன்று பேரும் கடமை தவறாமல் ஆளுக்கொரு லாரி ஒதுக்கினார்கள்.

மோகனூர்ப் பண்ணையில் நின்றுகொண்டு நிஜமான மேனேஜர் போன் பண்ணினார். ஒரே ஆர்டருக்கு மூன்று லாரி நிற்கிறது என்றதும் ஜெகன் அண்ணா, மூன்று லாரியாம், பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு தர்ஷி என்று ஆரம்பித்து, என் பரம்பரையையே ஒரு சுற்று வந்துவிட்டார். நான் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பதை நடுவில்தான் கவனித்தார். அவர் முகம் வெளுத்ததை விவரிக்க எனக்கு வயது போதாது. மேனேஜர் போனைப் பண்ணைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் நிதானமாகக் கேட்டது: "ஏனுங்க, எங்கூட்டுக் கோழிக்கு ஒரு வாய்தானுங்க இருக்குது?"

ஒரே வரியில் தீர்ந்தது

இந்தச் சிக்கலுக்குச் சரியான வைத்தியம் தொடக்கப் பக்கத்திலேயே இருந்தது. நேரத்தைக் கூட்டி வை. ஒரு ஆர்டர் நம்பர் ஏற்கெனவே முடிந்ததா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடு. அதற்கு எப்படியும் இரண்டு பக்கம் புரோகிராம் எழுத வேண்டும். நான் அதைவிடச் சுருக்கமான வழி கண்டுபிடித்தேன். வேலை முடிந்தபின் கடைசியில் வருகிற அந்த "முடிந்தது" வரியைத் தூக்கி முதல் வரியாக வைத்தேன். இனி ஒர்க்கர் மெசேஜை வாங்கியதுமே முடிந்தது என்று சொல்லிவிடும். அப்புறம் ஆற அமர வேலையைத் தொடங்கும். இரண்டு லாரி, மூன்று லாரி பேச்சுக்கே இடமில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே இருக்கிறது. துணியையே வெட்டாத டெய்லர், ஆச்சுங்க, பட்டன்தான் பாக்கி என்பார். வண்டியைப் பிரித்தே போடாத மெக்கானிக், ஆச்சுங்க, ஓட்டிப் பார்க்கணும், அவ்வளவுதான் என்பார். பாயில் படுத்தபடியே போனை எடுக்கும் டிரைவர் ஆச்சுங்க, கிளம்பிட்டேன் என்பார். இது பொய்யில் சேர்த்தி இல்லை. கேட்டவர் மனம் நோகக் கூடாது என்கிற மரியாதை. அந்த மரியாதையை நான் புரோகிராமுக்கும் கற்றுக்கொடுத்தேன், அவ்வளவுதான். எல்லாவற்றையும் சோதித்துவிட்டாயா என்று கந்தசாமி அண்ணன் கேட்டார். ஆச்சுங்கண்ணா என்றேன். திரை முழுக்கப் பச்சைப் பசேல் என்று "முடிந்தது, முடிந்தது". அண்ணன் அதைப் பார்த்துப் பூரித்துப்போய்ச் சொன்னார்: "பாத்தியா ஜெகன், அம்மிணி ஒரே வரியில முடிச்சுப்போட்டா. உன்ற கிட்டக் குடுத்திருந்தா நாலு நாளு யோசிச்சிருப்பே."

புதுச்சத்திரத்திலிருந்து ஒரு போன்

புதுச்சத்திரத்தில் பாவாயி அக்கா என்று ஒரு பண்ணைக்காரர். பதினைந்தாயிரம் முட்டைக் கோழிகள். முட்டைக் கோழி ஒரு வேளை பட்டினி கிடந்தால் மறுநாள் முட்டை குறையும். ஒரு நாள் முழுக்கக் கிடந்தால், பழையபடி முட்டையிட வாரக்கணக்கில் ஆகும். மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் பாவாயி அக்கா ஆர்டர் போட்டிருக்கிறார். ஒர்க்கர் அதை எடுத்தது. மரியாதையாக "முடிந்தது" என்றது. வேலையைத் தொடங்குவதற்குள் கீழே டயர் கடையில் மெஷினைப் போட்டார்கள். கரண்ட் போய் வந்தது. மற்ற ஆர்டர்கள் டிஸ்கில் பத்திரமாக இருந்தன. பாவாயி அக்காவுடையது மட்டும் எங்கேயும் இல்லை. அதுதான் முடிந்துவிட்டதே, க்யூ எதற்கு அதை வைத்திருக்க வேண்டும்?

எட்டு மணிக்கு அக்கா மில்லுக்குப் போன் போட்டார். மேனேஜர் திரையைப் பார்த்தார், பச்சை. வண்டி கிளம்பிவிட்டது என்று சொன்னார். ஒன்பதரைக்கு மறுபடி போன். மேனேஜர் அந்தப் பக்கத்துக்கு வழக்கமாகப் போகும் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். டிரைவருக்கு அப்படி ஓர் ஆர்டர் வரவே இல்லை, டீக்கடையில் இருந்திருக்கிறார். ஆனால் பழக்கம் விடுமா? ஆச்சுங்க, பைபாஸ் ஏறிட்டேன் என்று சொல்லிவிட்டு, எந்த லோடு என்று அப்புறம் யோசித்திருக்கிறார். மேனேஜர் அதையும் அப்படியே அக்காவிடம் ஒப்பித்தார். பதினோரு மணிக்கு அக்கா, ஆப்பில் உதவிக்கு என்று போட்டிருந்த நம்பரைக் கூப்பிட்டார். அது எங்கள் ஆபீஸ். எடுத்தவள் நான்.

அவர் பேசுவதற்கு முன்னால் கோழிகளின் சத்தம்தான் கேட்டது. ஆயிரக்கணக்கான கோழிகள் காலித் தொட்டியைக் கொத்துகிற சத்தம். நாற்பது குரல் தெரிந்த எனக்கு அந்தச் சத்தத்தை இன்றுவரை போட வரவில்லை. திரையைப் பார்த்தேன்; பச்சை. லாரி நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தைப் பார்த்தேன், வெறுமை. மேனேஜர் குரலில் "வந்துட்டே இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தை விட்டு, அந்தப் பக்கம் சத்தமில்லாமல் ஒரு லாரியை அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாதமும் ஓடிவிடும், நானும் நிரந்தரம். சத்தியமாக முதலில் அதைத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தபோது என் சொந்தக் குரல் வந்தது. ஆகலீங்கக்கா, வண்டி கிளம்பவே இல்லீங்க, புரோகிராம் தப்பாகச் சொல்லிவிட்டது, அதை எழுதினவள் நான்தான் என்றேன். அக்கா சொன்னார்: "ஆகலைன்னு காத்தாலயே ஒருத்தரு சொல்லியிருந்தா பக்கத்துப் பண்ணையில இருவது மூட்டை கைமாத்து வாங்கிப் போட்டிருப்பனே சாமி. நீங்கல்லாம் ஆச்சு ஆச்சுன்னு சொல்லிச் சொல்லித்தான் என்ற கோழி பட்டினி கெடக்குது."

மேனேஜர் படியேறினார்

சொன்னபடியே அக்கா பக்கத்துப் பண்ணையிலிருந்து மூட்டைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார். கந்தசாமி அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்கே போய், லோடு ஏறும்வரை நின்று, இரண்டு மணிக்கெல்லாம் லாரியைப் புதுச்சத்திரத்தில் இறக்கினார். மறுநாள் முட்டை குறைந்ததா என்று நானே போன் போட்டுக் கேட்டேன். குறைந்திருந்தது. எவ்வளவு என்று அக்கா சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். ஜெகன் அண்ணா என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு வரியைப் பழைய இடத்துக்கு இறக்கி, நான் சுருக்கமாகத் தாண்டிய இரண்டு பக்கத்தையும் என்னை வைத்தே எழுத வைத்தார். ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் செங்கோடன் மேனேஜர் படியேறி வந்தார். ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லத்தான் வருகிறார் என்று நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்றோம், துக்க வீட்டில் நிற்கிற மாதிரி. அவர் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, யோசித்து யோசித்துப் பேசினார். விசாரித்துப் பார்த்தாராம். புரோகிராம் ஆச்சு என்றது, டிரைவர் ஆச்சு என்றான், தானும் இரண்டு தடவை ஆச்சு என்றிருக்கிறார். நோட்டாக இருந்தாலும் போனை வைக்கும்போதே டிக் அடித்திருப்பார், தீவனம் தவறித்தான் இருக்கும். ஆகவே இன்றிலிருந்து இன்னொரு மாதம் பார்க்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். தீவனம் இறங்கி, பண்ணைக்காரர் தம் கையால் பட்டனை அமுக்கும்வரை திரையில் பச்சை வரக் கூடாது. அண்ணன் ஆச்சுங்க என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, செஞ்சு தர்றோமுங்க என்றார். என் நிரந்தரமும் அந்த இன்னொரு மாதத்துக்குத் தள்ளிப்போனது. மேனேஜர் எழுந்து என்னிடம் வந்து சொன்னார்: "இத்தன வருசத்துல எங்க மில்லுப் பக்கம் 'ஆகல'ன்னு ஒருத்தனும் வாயத் தொறந்து சொன்னதில்லீங்க அம்மிணி. அந்த ஒரு வார்த்தைய மட்டும் செகப்புல, எனக்குக் கண்ணாடி போடாமயே தெரியற மாதிரி, பெருசாப் போட்டுக் குடுங்க."

ஆக, சக துன்பவாசிகளே, கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று உங்களுக்கு யார் சொல்லியிருந்தாலும் நம்புங்கள், நாமக்கல்காரி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காத வரைக்கும்.